பெரிய ட்ரம் நின்ற வீடியோ

"பாடசாலைப் பாண்ட் குழுக்கள், இன்னும் பழகி முடிக்காத நிகழ்ச்சிகளின் வீடியோக்களைப் பொதுவில் போடலாமா, கூடாதா? ஆம் அல்லது இல்லை என்று ஒரு சொல்லில் எழுதித் தாருங்கள் அக்கா. விரும்பினால் உங்கள் அனுபவத்தையும் சுருக்கமாகச் சேர்க்கலாம்."

இது நீங்கள் எனக்கு அனுப்பிய கேள்வி. அனுபவத்தைச் சுருக்கமாகச் சொல்லக்கூடிய ஆள் நான் இல்லை என்பது, என்னோடு ஒரு முறையாவது தேநீர் குடித்தவர்களுக்குத் தெரியும். ஒரு சொல்லில் பதில் சொல்லக்கூடிய கேள்வி என்றால் நான் இத்தனை கூட்டங்களில் உட்கார்ந்து தலையிடி வாங்கியிருக்கத் தேவையில்லை. ஆகவே இருந்து முழுவதையும் வாசியுங்கள். பாண்ட் பழக்கும் இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். காது இன்னும் கெட்டிருக்காது, பொறுமையும் கொஞ்சம் மிச்சம் இருக்கும்.

ஓய்வு பெறும்வரை நான் ஜேர்மனியில், வுப்பர்டால் என்ற ஊரில் ஒரு பாடசாலையில் பின்னேரங்களில் பாண்ட் பழக்கினேன். ஊதுகிறவர்களும் ட்ரம் அடிக்கிறவர்களுமாக, நடந்துகொண்டே வாசிக்கும் பிள்ளைகள். அந்த ஊரில் நடப்பதே ஒரு வித்தை. எந்தத் தெருவுக்குப் போனாலும் ஒன்றில் ஏற்றம், இல்லாவிட்டால் இறக்கம். மற்ற ஊர்ப் பயிற்சியாளர்கள் "நாங்கள் பிள்ளைகளை நேராக நடக்கப் பழக்குகிறோம்" என்று சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வரும். நாங்கள் விழாமல் நடக்கப் பழக்கினோம்.

நான் கமராவுக்கு எதிரி என்று யாரும் நினைக்க வேண்டாம். போனில் படம் பிடிக்கலாம் என்று வந்த நாளிலிருந்து பிள்ளைகளின் கால்களை எடுத்திருக்கிறேன். "இல்லை, நான் இடது காலைத்தான் முதலில் வைத்தேன்" என்று சத்தியம் செய்யும் ட்ரம்பெட்காரனுக்கு அவனுடைய வலது காலைக் காட்டுவதில் ஒரு தனிச் சந்தோஷம் இருக்கிறது. எல்லோருமாகப் பார்ப்போம், சிரிப்போம், அழித்துவிடுவோம். நடந்தவர்கள்தான் பார்த்தார்கள். அதனால் ஒருவருக்கும் ஒரு கரைச்சலும் வந்ததில்லை.

கரைச்சல் பிறகு வந்தது. பெற்றோரின் உதவிச் சங்கத்துக்கு ஒரு புதிய செயலாளரைத் தெரிவு செய்தார்கள். புல்லாங்குழல் வாசிக்கும் ஒரு பிள்ளையின் தகப்பன், விளம்பர வேலை செய்பவர். நல்ல மனிதர். கெட்டவர் என்றால் ஒரு சண்டையோடு முடித்திருக்கலாம். நல்லவர்களோடு கூட்டம் வைக்க வேண்டியிருக்கிறது. "மக்களுக்கு இப்போது முடிந்த நிகழ்ச்சி வேண்டாம், அது உருவாகும் விதம்தான் வேண்டும்" என்றார். எந்த மக்கள் என்று கேட்டேன். பொதுவாக மக்கள் என்றார். இணையத்தில் குழுவுக்கு ஒரு பக்கம் திறந்து, நாங்கள் தடுமாறுவதையெல்லாம் அங்கே போடப்போவதாக அறிவித்தார்.

அவருக்கு எதிர்ப்பக்கத்தில் பாடசாலை அலுவலகம். டாட்டன்ஷுட்ஸ், அதாவது தனிப்பட்ட தகவல்களின் பாதுகாப்பு, என்ற சொல் காதில் விழுந்தாலே கதிரையை விட்டு எழும்பும் ஒரு அம்மா அங்கே இருந்தார். பிள்ளையின் முகம், பிள்ளையின் பெயர், பிள்ளையின் உரிமை. நியாயம்தான். ஆனால் பெற்றோர் ஒப்பமிட்ட படிவத்தில் "பொது நிகழ்ச்சிகள்" என்று மட்டும் இருந்ததால், பயிற்சி ஒரு பொது நிகழ்ச்சியா என்று ஒரு கூட்டம் வைத்தார்கள். கார் நிறுத்தும் இடத்தில் பழகினால் பொது, மண்டபத்துக்குள் பழகினால் பொது இல்லையா என்று இன்னொரு கூட்டம். கடைசியில் முகங்களை மங்கலாக்கிவிட்டுப் போடலாம் என்று முடிவெடுத்தார்கள். போட்டார்கள். பொலிஸ் பிடித்துக்கொண்டு போகிற கூட்டமொன்று ட்ரொம்போன் ஊதுகிற மாதிரி இருந்தது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த நேரத்துக்கு நான் ஒரு பாட்டைப் பழக்கி முடித்திருப்பேன்.

பெரிய பெடியன்களுக்கு வேறு கவலை. பக்கத்து ஊர்ப் பாடசாலை எங்கள் நடையைப் பார்த்துத் திருடிவிடுமாம். நாங்கள் நடந்த நடையைத் திருடுவதற்கு அந்த ஊரில் யாருக்கும் அவ்வளவு பொறுமை இருந்திருக்காது என்று சொல்லி அனுப்பினேன்.

இவ்வளவு கூட்டத்திலும் செயலாளர் பார்க்கிறவர்களைப் பற்றிப் பேசினார், அலுவலகம் சட்டத்தைப் பற்றிப் பேசியது. வீடியோவில் நடந்து போகிற பிள்ளைகளிடம் ஒருவரும் எதையும் கேட்கவில்லை. நானும் வாய் ஓய்ந்து போய், மங்கல் முகமோ தெளிந்த முகமோ எதையாவது செய்யுங்கள், எனக்குப் பயிற்சி நேரத்தைத் தாருங்கள் என்று சொல்லிவிட்டேன்.

இனி எங்கள் குழுவின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். அது தெரியாமல் மிச்சக் கதை விளங்காது.

எனக்கு முன் இந்தக் குழுவைப் பழக்கியவர் ஒரு ஜேர்மன்காரர். பெயரை எழுதினால் கோபிப்பார். அவருக்குப் பேச்சுக் குறைவு, பேசினால் அது ஏச்சாகத்தான் இருக்கும். அவருடைய காலத்தில் ஓர் ஊர்வலத்தில் கிளாரினெட் வாசித்த பிள்ளை ஒருத்தி கல்லில் தடுக்கி விழுந்தாள். பின்வரிசைப் பிள்ளைகள் பாவம் பார்த்து நின்றார்கள். அவர்கள் நின்றது தெரியாமல் அதற்குப் பின்வரிசை வந்து இடித்தது. ட்ரொம்போனின் குழாய் முன்னால் நின்ற ஒரு பிள்ளையின் பிடரியைக் கிழித்தது. விழுந்தவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை, தூக்க நின்றவளுக்குத்தான் தையல் போட்டார்கள்.

அதற்குப் பிறகு அவர் இந்த வழக்கத்தைக் கொண்டுவந்தார். பயிற்சி தொடங்கமுன் எல்லோருடைய தோள்வாரையும் சரிபார்ப்பதுபோல ஒவ்வொருவராகத் தொட்டுக்கொண்டு போவார். யாராவது ஒருவருடைய காதில் மட்டும் "இன்றைக்கு நீ" என்பார். அந்தப் பிள்ளை நடையின் நடுவில், தான் நினைத்த இடத்தில், அப்படியே நின்றுவிட வேண்டும். மற்றவர்கள் திரும்பிப் பார்க்காமல், வாசிப்பை விடாமல், அவரைச் சுற்றிக்கொண்டு போய் இடைவெளியை மூட வேண்டும். நின்றவர், பயிற்சியாளர் சொல்லித்தான் நின்றேன் என்று முன்னரும் சொல்லக்கூடாது, பின்னரும் சொல்லக்கூடாது. மற்றவர்கள் கேட்கவும் கூடாது. நான் உதவியாளராகச் சேர்ந்த புதிதில் என்னையும் ஒருநாள் நிற்கச் சொன்னார். எல்லோரும் என்னைக் கடந்து போனபோது முகம் எரிந்தது. ஆனால் ஒருவரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த பாட்டுக்குப் போய்விட்டோம். அவருக்குப் பிறகு நானும் அந்த வழக்கத்தைத் தொடர்ந்தேன்.

இது விழுந்தால் என்ன செய்வது என்று பழக்கும் பயிற்சி என்றுதான் நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இதில் வேறொன்றும் இருக்கிறது என்று எனக்கு லூக்காஸால் விளங்கியது.

லூக்காஸ் சிம்பல் அடித்தவன். ஒன்றோடொன்று மோதும் அந்தப் பெரிய பித்தளைத் தட்டுகள். நெட்டையன், பயந்தவன், நல்ல காது உள்ளவன். ஒருநாள் பயிற்சியின் நடுவில் அவன் அப்படியே உறைந்து நின்றான். நான் அவனுடைய காதில் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு நான் நிற்கச் சொன்னது வேறொரு பிள்ளையை, அந்தப் பிள்ளை இன்னும் நின்றிருக்கவில்லை. இவனுக்கு எல்லாம் மறந்துபோய்விட்டது, அவ்வளவுதான். மற்றவர்கள் இவன்தான் இன்றைய ஆள் என்று நினைத்து, சுற்றிக்கொண்டு போய், இடைவெளியை மூடிவிட்டார்கள். முடிந்ததும் ஒருவன் வந்து "நல்ல இடம் பார்த்து நின்றாய்" என்று முதுகில் தட்டினான். லூக்காஸ் என்னைப் பார்த்தான். கண் கலங்கியிருந்தது. நான் பின்வரிசை பிந்தி மூடியதற்குப் பின்வரிசையை ஏசினேன். மற்றப் பிள்ளைக்கு, நிற்க வேண்டாம் என்று கண்ணால் காட்டினேன். லூக்காஸ் அடுத்த கிழமையும் வந்தான். அதற்கு அடுத்த கிழமையும் வந்தான்.

இனி மெலனி. மன்னாரிலிருந்து அகதியாக வந்த ஒருவரின் மகள். தகப்பன் கதவுப் பூட்டுச் செய்யும் தொழிற்சாலையில் வேலை. மெலனிதான் எங்களுடைய பெரிய ட்ரம். வயிற்றுக்கு முன்னால் அதைக் கட்டினால் அவளுக்குத் தன் கால்கள் தெரியாது. மற்ற எல்லோரும் அவளுடைய அடியைக் கேட்டுத்தான் கால் வைப்பார்கள். அந்த இடத்துக்கு அவளை விடத் தகப்பன் முதலில் யோசித்தார். குடும்பத்துக்குள் "பொம்பிளைப்பிள்ளைக்கு ட்ரம்மோ, எங்கட ஆக்கள் அதைத் தூக்கிறதோ" என்று கதை வந்ததாம். பிறகு அவள் ஒருநாள் அடித்ததைக் கேட்டுவிட்டு, ஊரெல்லாம் அதைச் சொல்லித் திரிந்தவரும் அவர்தான்.

கோடைகால ஊர்வலத்துக்குச் சில கிழமைகள் இருந்தன. பெரிய ட்ரம் நின்றால் மற்றவர்களால் கால் பிசகாமல் போக முடியுமா என்று பார்க்க நினைத்தேன். தோள்வாரைச் சரிபார்க்கும்போது மெலனியின் காதில் "இண்டைக்கு நீ" என்றேன். தலையாட்டினாள். பாடசாலை வளவுக்குள் இறங்கும் தெருவின் நடுவில், பாட்டின் மிக உச்சமான இடத்தில் நின்றாள். நடை சிதறியது. ட்ரம்பெட்கள் ஒரு பக்கம், புல்லாங்குழல்கள் ஒரு பக்கம், ஒருவன் மற்றவனுடைய சப்பாத்தை மிதித்து அது கழன்றது. படுமோசம். அதற்குத்தான் பயிற்சி. இன்னும் சில தடவை செய்தால் சரிவரும் என்று மனதுக்குள் குறித்துக்கொண்டேன்.

வேலிக்கு வெளியே மெலனியின் அப்பா, மகளைக் கூட்டிப்போக வந்தவர், போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றதை நான் காணவில்லை. அவர் படம் பிடித்து, பார்த்து, யோசித்துப் போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. நேரலையில் விட்டிருந்தார். கனடாவில் அண்ணன் குடும்பம், லண்டனில் தங்கை குடும்பம், பாரிஸில் மச்சான்மார், எல்லோரும் ஒரே நேரத்தில் பார்க்க, அவருடைய மகள் நடுத்தெருவில் ட்ரம்மைச் சுமந்துகொண்டு மரமாக நின்றாள். செயலாளர் அந்தப் பகுதியை மட்டும் வெட்டி எடுத்து, ஒரு கோமாளி இசையைச் சேர்த்து, "இதுதான் உண்மையான நாங்கள்" என்று குழுவின் பக்கத்தில் போட்டார். முகத்தை மங்கலாக்க மறக்கவில்லை. ஆனால் அந்த ஊரில் அந்த ட்ரம்மைச் சுமக்கும் பிள்ளை ஒருத்திதான் என்பது எல்லோருக்கும் தெரியும்.

அடுத்த நாள் தகப்பன் எனக்குப் போன் எடுத்தார்.

"என்ன ரீச்சர் இது? பிள்ளைக்கு ஏலாட்டி முதலே சொல்லியிருக்கலாம்தானே?"

"ஏலாதெண்டு ஆர் சொன்னது?"

"உலகமே பாத்திட்டுது ரீச்சர். கனடாவில இருந்து அண்ணை எடுத்து, 'உன்ர பிள்ளையால முழுப் பாண்டும் குழம்பிப் போச்சு, ஏன் அவளை இதுக்குள்ள விட்டனி' எண்டு கேக்கிறார். எனக்கு முகம் காட்டேலாமல் கிடக்கு."

"வீடியோவைப் போட்டது ஆர் தம்பி?"

"நான்தான். நல்லா வருமெண்டு நினைச்சுப் போட்டனான்."

"பின்னை?"

"பின்னை என்ன? இனிப் பிள்ளை வராது. ஊர்வலத்துக்கும் வராது."

போனை வைத்துவிட்டார். எனக்கு வந்த எரிச்சலை எழுத இந்தத் தாள் போதாது. அவள் நான் சொல்லித்தான் நின்றாள் என்று ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் முடிந்துவிடும். போனைத் திரும்ப எடுத்தேன். ஆனால் சொல்லும் முன் பிள்ளையைக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. அந்த ஒரு யோசனைக்காக இன்றைக்கும் எனக்கு நானே நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

மெலனி பாடசாலை வாசலில் என்னைச் சந்தித்தாள். கண் வீங்கியிருந்தது.

"அப்பாவுக்கு மட்டும் நான் சொல்லட்டோ?" என்று கேட்டேன்.

"வேண்டாம் ரீச்சர். அப்பாட்டச் சொன்னா உடன குரூப்பில போடுவார், என்ர பிள்ளை பிழை விடேல்லை, ரீச்சர் சொல்லித்தான் நிண்டவள் எண்டு. பிறகு எல்லாருக்கும் தெரிஞ்சிடும்."

"தெரிஞ்சால் என்ன? உனக்கு நல்லதுதானே?"

"எனக்கு நல்லது. லூக்காஸுக்கு?"

அவனுக்கு இதில் என்ன என்று கேட்டேன்.

"அவன் எனக்குச் சொன்னவன். அண்டைக்கு அவனை நீங்கள் நிக்கச் சொல்லேல்லை. தானா நிண்டவன். நான் நிண்டது சொல்லி நிண்டதெண்டு வெளியில வந்தால், அப்ப லூக்காஸ் எண்டு எல்லாரும் கேப்பினம். அவன் என்ன சொல்லுறது? பொய் சொல்லத் தெரியாது அவனுக்கு. அதோட விட்டிட்டுப் போயிடுவான்."

நிற்கிறவர் வாயைத் திறக்கக்கூடாது என்ற விதியை இத்தனை வருடமாக நான் காப்பாற்றியிருக்கிறேன். அது எதற்காக என்பதை அந்தப் பிள்ளை என்னைவிடத் தெளிவாகச் சொன்னாள். யார் சொல்லி நின்றார், யார் தானாக நின்றார் என்று ஒருவருக்கும் தெரியாதபடியால்தான், உண்மையாகவே பிழை விட்ட பிள்ளை அடுத்த கிழமையும் வருகிறது. இந்த வழக்கம் வேலிக்கு உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியும். வேலிக்கு வெளியே போனைப் பிடித்துக்கொண்டு நிற்பவருக்கும், அதைக் கனடாவில் இருந்து பார்ப்பவருக்கும் தெரியாது.

ஊர்வலத்துக்கு முந்திய கிழமை அவசரமாகப் பெற்றோர் கூட்டம் வைத்தார்கள். கோமாளி வீடியோவை எடுத்துவிட்டார்கள்தான், ஆனால் அதற்குள் அது போக வேண்டிய இடமெல்லாம் போய்விட்டது. செயலாளர் உண்மையாகவே வருந்தினார். வருந்திவிட்டு இன்னொரு யோசனை சொன்னார். மெலனி கமராவுக்கு முன்னால் இருந்து, தான் தோற்ற கணத்தில் எப்படி உணர்ந்தாள், எப்படி மீண்டும் எழுந்தாள் என்று பேச வேண்டுமாம். நான் மேசையில் இருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தேன். குடிக்காவிட்டால் எறிந்திருப்பேன். ஒரு தாய், பிள்ளையின் நன்மைக்காகத்தான் சொல்கிறேன் என்று தொடங்கி, பெரிய ட்ரம்மை ஒரு பலமான பெடியனிடம் கொடுத்துவிட்டு மெலனிக்குப் பாரம் குறைந்த எதையாவது கொடுக்கலாமே என்றார். சிலர் தலையாட்டினார்கள். மெலனியின் அப்பா கைகளைக் கட்டிக்கொண்டு கடைசி வரிசையில் இருந்தார். மெலனி அவருக்குப் பக்கத்தில். இரண்டு வரிசை முன்னால் லூக்காஸ், தரையைப் பார்த்தபடி.

பாடசாலை அதிபர் என்னிடம் திரும்பினார். "எளிய கேள்விதான். அவள் ஏன் நின்றாள்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். லூக்காஸும் தலையை நிமிர்த்தினான். அவனுடைய முகம் சுண்ணாம்பாக இருந்தது.

"பயிற்சியில் யார் ஏன் நின்றார்கள் என்று நான் ஒருநாளும் சொல்வதில்லை. இன்றைக்கும் சொல்லமாட்டேன். ஊர்வலத்தில் பெரிய ட்ரம்மை மெலனிதான் அடிப்பாள். அவள் வராவிட்டால் அந்த இடம் வெறுமையாகவே போகும், வேறு ஒருவரையும் போடமாட்டேன்."

"இது பதில் இல்லை" என்றார் அதிபர்.

"இவ்வளவுதான் இருக்கிறது."

மெலனியின் அப்பா எழுந்தார். "அப்ப வெறுமையாவே போகட்டும். வா பிள்ளை" என்றார் தமிழில்.

மெலனி எழும்பவில்லை. அவளும் தமிழிலேயே சொன்னாள். அந்த அறையில் அது விளங்கியது எங்கள் மூன்று பேருக்கும்தான்.

"அப்பா, நான் நிண்டனான். அது உண்மை. ஏனெண்டு கேக்காதேங்கோ. ஞாயிற்றுக்கிழமை நான் அடிக்கோணும். நீங்கள் போனை வீட்டில வைச்சிட்டு வந்து என்னைப் பாருங்கோ."

"பெரியப்பா திரும்பக் கேட்டால் நான் என்ன சொல்லுறது?"

"ஒண்டும் சொல்லாதேங்கோ."

"அதெப்பிடிப் பிள்ளை ஒண்டும் சொல்லாமல் இருக்கிறது?" என்று கேட்டார். கோபத்தில் கேட்கவில்லை, உண்மையாகவே அவருக்கு அது விளங்கவில்லை. பெரிய குடும்பத்தில் பிறந்த மனிதர். மெல்லத் திரும்பக் கதிரையில் இருந்தார். அதிபர் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு கூட்டத்தை முடித்தார்.

ஞாயிறன்று மழை வரவில்லை. மெலனி வந்தாள். அப்பா அவளுடைய ட்ரம்மைத் தூக்கிக்கொண்டு வந்து இறக்கினார், பிறகு இறக்கத்தின் ஓரத்தில் சனங்களோடு போய் நின்றார். இரண்டு கையையும் எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்ற மனிதர் அந்தத் தெருவில் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் எல்லோருடைய கையிலும் போன்.

அந்தத் தெரு சின்னக் கற்கள் பதித்தது, செங்குத்தாக இறங்கி, தொங்குரயில் போகும் பாதையின் அடியில் முடியும். பாதித் தூரம் நன்றாக வந்தோம். பிறகு லூக்காஸின் கால் ஒரு கல்லில் மாட்டியது. முழங்கால் தரையில் அடிபட விழுந்தான். ஒரு சிம்பல் கையை விட்டுக் கழன்று, நிமிர்ந்து, சக்கரமாக உருளத் தொடங்கியது. வுப்பர்டாலில் உருளத் தொடங்கிய எதுவும் தானாக நிற்காது. அது சனங்களுக்கும் குழுவுக்கும் நடுவில் கணகணவென்று சத்தம் போட்டுக்கொண்டு கீழே போனது.

நான் பின்வரிசையைப் பார்த்தேன். ஒருவரும் திரும்பவில்லை. லூக்காஸின் இரண்டு பக்கமும் பிரிந்து போனார்கள், முன்னால் போய்ச் சேர்ந்தார்கள், இடைவெளி மூடியது. மெலனியின் அடி ஒன்றுகூடப் பிந்தவில்லை. தன் கால்களைக் காணாமல், பக்கத்தில் விழுந்தவனைப் பார்க்காமல், அந்த இறக்கம் முழுவதும் அவள் அடித்துக்கொண்டே போனாள். லூக்காஸ் எழும்பி, மிஞ்சிய ஒரு தட்டோடு நொண்டிக்கொண்டு ஓடிப்போய்க் கடைசியில் சேர்ந்தான். தெருவோரமாக மெலனியின் அப்பா, நல்ல சேர்ட்டும் சப்பாத்துமாக, உருண்டு போகிற சிம்பலைத் துரத்திக்கொண்டு ஓடினார். அடிவாரத்தில் அதைப் பிடித்து, கடைசி வரிசை வரும்வரை காத்திருந்து, லூக்காஸின் கையில் கொடுத்தார்.

ஊர்வலம் முடிந்ததும் மூச்சு வாங்கியபடி என்னிடம் வந்தார்.

"ரீச்சர், அந்தப் பெடியன் தானா விழுந்தவனோ, நீங்கள் விழச் சொன்னனீங்களோ?"

"ஏன் கேக்கிறியள்?"

"ஒருத்தரும் திரும்பிக்கூடப் பாக்கேல்லை. முதலே சொல்லி வைச்ச மாதிரிப் போச்சினம்."

"ஆர் ஏன் நிண்டது, ஆர் ஏன் விழுந்தது எண்டு நான் சொல்லுறேல்லை தம்பி."

அவர் தலையாட்டினார். ஆட்டிக்கொண்டிருந்த தலை பாதியில் நின்றது. "அப்ப அண்டைக்கு மெலனி..."

நான் வாத்தியங்களை எண்ணப் போவதுபோல வேறு பக்கம் திரும்பினேன். அவருக்கு விளங்கிவிட்டது. முகத்தில் முதலில் பெரிய நிம்மதி வந்தது. அடுத்த நொடியே, இதை யாருக்காவது சொல்ல வேண்டும் என்ற பதற்றம் வந்தது. கை தானாகக் கால்சட்டைப் பைக்குப் போனது. அங்கே போன் இல்லை. தூரத்தில் மெலனி லூக்காஸின் முழங்காலில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். அவர் அதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றார்.

அன்றைய ஊர்வலத்தின் வீடியோக்கள் இன்றைக்கும் இணையத்தில் கிடக்கின்றன. நாலைந்து பேர் எடுத்திருக்கிறார்கள். பாட்டு நன்றாக இருக்கிறது, சீருடை அழகு என்று கீழே எழுதியிருக்கிறார்கள். லூக்காஸ் விழுந்ததை ஒருவரும் எழுதவில்லை. இடைவெளி அவ்வளவு வேகமாக மூடியதால் அது யாருக்கும் ஒரு பிழையாகவே தெரியவில்லை.

மெலனியிடமும் லூக்காஸிடமும் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். இரண்டு பேரும் வளர்ந்துவிட்டார்கள், பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். மெலனி சம்மதம் என்றாள். லூக்காஸ், "எழுதுங்கள், ஆனால் அந்தத் தட்டு சரியான பாரம் என்பதையும் எழுதுங்கள்" என்றான். எழுதிவிட்டேன். உங்கள் கேள்விக்கும் இதையே பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள். வீடியோவில் இருக்கிற பிள்ளையைக் கேளுங்கள். கூட்டத்தில் வைத்துக் கேட்காதீர்கள், தனியாகக் கேளுங்கள். நன்றாக வாசிக்கிற பிள்ளை ஓம் என்று சொல்லும், அதை நம்பி ஓடாதீர்கள். அன்றைக்கு ஆகவும் மோசமாக நடந்த பிள்ளையைக் கேளுங்கள். அது வேண்டாம் என்றால் வேண்டாம். செயலாளர் அழுதாலும் வேண்டாம். அலுவலகத்துப் படிவத்தில் இதற்கு ஒரு கட்டம் இருக்காது, அதற்காக இன்னொரு கூட்டம் வைக்காதீர்கள், உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அடுத்த வருடம் மெலனியின் தம்பிக்குத் தேவாலயத்தில் முதல் நன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் சடங்கு, எடுத்தார்கள். விருந்துக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். கனடாவிலிருந்து பெரியப்பா வந்திருந்தார். மண்டபம் நிறையச் சனம். அவர் சாப்பாட்டுக் கோப்பையோடு எங்களுடைய மேசைக்கு வந்து, எல்லோருக்கும் கேட்கும்படி, "எங்க, நடுறோட்டில மரம் மாதிரி நிண்ட ட்ரம்காரி?" என்றார். மேசை முழுவதும் சிரித்தது. மெலனி தன் கோப்பையைப் பார்த்தாள்.

அவளுடைய அப்பாவுக்கு ஒரு வசனம் போதும். அந்த ஒரு வசனத்தில் அண்ணனின் வாயை அடைத்து, மகளை எல்லோருக்கும் முன்னால் நிமிர்த்தி, ஒரு வருடமாக விழுங்கிய வெட்கத்தையும் இறக்கி வைத்திருக்கலாம். அந்த வசனம் அவருடைய வாய்வரை வந்ததை நான் கண்டேன். வாய் திறந்தது. மெலனி நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"ஓம் அண்ணை, நிண்டவள்தான்" என்றார். "இருங்கோ, உங்களுக்கு இன்னும் கொஞ்சம் சோறு போடட்டே?"